மனப்பாடம் பண்ணின பதில்: இன்டர்வியூவின் சின்ன வரலாறு

எங்கள் ஹாஸ்டலில் மூன்றாம் வருஷம் முடியும்போது ஒரு ஜெராக்ஸ் தாள் வந்து சேரும். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. சீனியர்களிடமிருந்து வந்தது. அவர்களுக்கு அவர்களுடைய சீனியர்களிடமிருந்து. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்தெல்லாம் மங்கி, ஓரமெல்லாம் கறுப்பாக இருக்கும். முதல் கேள்வி ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’. பதில், ‘குட் மார்னிங் சார், தேங்க்யூ ஃபார் கிவிங் மீ திஸ் வொண்டர்ஃபுல் ஆப்பர்சூனிட்டி’ என்று ஆரம்பித்து, ஊர், பள்ளிக்கூடம், பர்சன்டேஜ் எல்லாம் சொல்லி, ‘தட்ஸ் ஆல் அபௌட் மீ சார்’ என்று முடியும். நடுவில் குடும்பம். அப்பாவின் தொழிலுக்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டிருப்பார்கள். அம்மாவுக்கு இடம் கிடையாது. ‘மை மதர் இஸ் எ ஹோம்மேக்கர்’ என்று அச்சடித்தே இருக்கும். என் ரூம்மேட்டின் அம்மா ஊரில் இட்லிக்கடை நடத்திக்கொண்டிருந்தார். அவனும் ஹோம்மேக்கர் என்றுதான் மனப்பாடம் பண்ணினான்.

கேம்பஸ் அன்றைக்கு அவன் உள்ளே போய் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் எதிரே இருந்தவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டாராம். “நீங்க எல்லாரும் ஒரே டியூஷன்ல படிச்சீங்களா? காலைலேர்ந்து பன்னெண்டாவது தடவையா இதையே கேக்கறேன்.” பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். இவனும் சேர்ந்து சிரித்து வைத்தான். வேறு என்ன பண்ண முடியும்? வேலை கிடைக்கவில்லை.

அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. பரீட்சைக்குப் படித்துவிட்டுப் போனால் நல்ல பையன். இன்டர்வியூவுக்குப் படித்துவிட்டுப் போனால் மட்டும் ஏன் கேலி? கேட்கிறவர் வருஷா வருஷம் அதே கேள்வியைக் கேட்பாராம், பதில் மட்டும் அந்த நிமிஷத்தில் மனசிலிருந்து ஊற்றெடுத்து வரவேண்டுமாம். இந்த எதிர்பார்ப்பு எப்போது ஆரம்பித்தது என்று தேடிக்கொண்டு போனதில் 1850களின் லண்டனில் போய் நின்றேன். அங்கிருந்து தொடங்குகிறேன்.

அதுவரைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியில் சிவில் உத்தியோகம் என்றால் சிபாரிசுதான். கம்பெனி டைரக்டர்கள் யாரைக் கைகாட்டுகிறார்களோ அந்தப் பையன் ஹெய்லிபரி கல்லூரியில் கொஞ்ச காலம் படித்துவிட்டுக் கப்பல் ஏறுவான். டைரக்டரின் மருமகன், டைரக்டரின் நண்பர் மகன், இப்படி. 1853ஆம் வருஷத்துச் சாசனச் சட்டம் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இனி போட்டித் தேர்வு என்றார்கள். தேர்வு எப்படி இருக்கவேண்டும் என்று யோசிக்க மெக்காலே தலைமையில் ஒரு குழு போட்டார்கள். ஆமாம், நம்முடைய அதே மெக்காலே. 1854ல் அறிக்கை, 1855ல் முதல் தேர்வு.

அந்த அறிக்கையில் மதிப்பெண் பங்கீடு ஒன்று இருக்கிறது. மொத்தம் 6,875. ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு எல்லாம் சேர்த்து 1,500. கணிதம் 1,000. கிரேக்கம் 750, லத்தீன் 750. சமஸ்கிருதம் 375, அரபி 375. இந்தியாவை ஆளப்போகிறவனைத் தேர்ந்தெடுக்கிற பரீட்சை இது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த எண்களை இன்னொரு தடவை பாருங்கள். இந்தியாவில் புழங்குகிற மொழி அந்தப் பட்டியலில் ஒன்றுகூட இல்லை, சாஸ்திர மொழிகள் இரண்டைத் தவிர. அவற்றுக்கும் கிரேக்கத்துக்குக் கொடுத்ததில் பாதிதான்.

இதில் ரகசியம் எதுவும் இல்லை, குழுவே வெளிப்படையாகச் சொன்ன கொள்கைதான். நல்ல பொதுக்கல்வி பெற்ற இங்கிலீஷ்காரப் பையன் வேண்டும், ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் சொல்லிக்கொடுப்பதைத்தான் கேட்கவேண்டும், தோற்றவனுக்கும் படித்தது வீணாகக் கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பணக்கார வீட்டுப் பையன் எட்டு வயசிலிருந்து எதைப் படிக்கிறானோ அதுவே சிலபஸ். அவன் தனியாகத் தயார் செய்யவேண்டியதில்லை. வளர்ந்ததே தயாரிப்புதான்.

மற்றவர்கள் என்ன செய்வார்கள்? டியூஷன் போவார்கள். லண்டனில் கடகடவென்று கோச்சிங் சென்டர்கள் முளைத்தன. நடத்துகிறவர்களை ‘க்ராம்மர்’ என்று சொன்னார்கள். நம்ம இலக்கணத்து கிராமர் இல்லை, திணிக்கிறவர் என்று அர்த்தம். மூட்டையில் வைக்கோல் திணிக்கிறமாதிரி மண்டையில் பதில்களைத் திணிப்பவர். இவர்களில் பெயர் பெற்றவர் வால்டர் ரென். மேற்கு லண்டனில் பவிஸ் ஸ்கொயரில் அவர் நடத்திய இடம் ஐ.சி.எஸ். கனவு கண்டவர்களுக்கு அந்தக் காலத்து அண்ணா நகர். (சென்னையில் சிவில் சர்வீஸுக்குப் படித்தவர்களுக்கு இந்த ஒப்பீடு புரியும்.) ஜெயித்தவர்களில் ரொம்பப் பேர் ஏதோ ஒரு க்ராம்மரிடம் கொஞ்ச காலமாவது இருந்தவர்கள். பல்கலைக்கழகத்திலிருந்து நேரே போய் உட்கார்ந்தால் போதாது என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

கூடவே திட்டும் வந்தது. திணித்துக்கொண்டு வந்தவன், உருப்போட்டவன், ஆழம் இல்லாதவன், பண்பாடு போதாதவன். மேலோட்டமாகத் தெரிந்தவர்களுக்கு மதிப்பெண் போய்ச்சேரக் கூடாது என்று கழித்தல் விதிகள்கூட வந்தன. பத்து வருஷம் பணம் கட்டி ஒரு நல்ல பள்ளியில் லத்தீன் படித்தால் அது கல்வி. பத்து மாசம் பணம் கட்டி ரென்னிடம் படித்தால் அது திணிப்பு. இரண்டுமே பரீட்சைக்கான தயாரிப்பு, ஒன்றுக்கு மட்டும் அந்தப் பெயர் ஒட்டவில்லை. எங்கள் ஜெராக்ஸ் தாளைப் பார்த்துச் சிரித்தவர்களின் சிரிப்பு எனக்கு இங்கேதான் முதன்முதலில் கேட்டது.

இந்தியர்களுக்கு இது இன்னும் ஒரு சுற்று கூடுதல். தேர்வு லண்டனில் மட்டும். 1922ல்தான் இந்தியாவிலும் வைத்தார்கள். கடல் தாண்டிப் போய் முதலில் தேறியவர் 1863ல் சத்யேந்திரநாத் தாகூர், ரவீந்திரநாத்தின் அண்ணன். 1878ல் உச்ச வயதை 19ஆகக் குறைத்தார்கள். காரணமாக எதைச் சொன்னாலும், நம் ஊர்ப் பையன் பள்ளிப் படிப்பு முடித்து, கப்பல் ஏறி, அங்கே போய்ப் பழகி, 19க்குள் எழுதுவது என்பது நடக்கிற காரியமா? சுரேந்திரநாத் பானர்ஜி ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு எதிர்த்தது இதைத்தான். 1892ல்தான் வயது வரம்பு 23க்கு ஏறியது.

எழுத்துத் தேர்வில் ஜெயித்தாலும் குதிரையேற்றப் பரீட்சை என்று ஒன்று இருந்தது. அரவிந்தர் ஏழு வயசில் இங்கிலாந்து போனவர், கேம்பிரிட்ஜில் படித்தவர், கிரேக்கத்திலும் லத்தீனிலும் வெளுத்து வாங்கியவர். 1890ல் எழுத்தில் தேறினார். குதிரையேற்றத்துக்கு உரிய நேரத்தில் போய் நிற்கவில்லை, 1892ல் தள்ளிவிட்டார்கள். அவர் வேண்டுமென்றே தவிர்த்தார் என்பது வேறு விஷயம். எனக்கு இதில் கவனிக்கத் தோன்றுவது அந்தப் பரீட்சையே. மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க அதிகாரிக்குக் குதிரை ஓட்டத் தெரியவேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் எஸ்டேட் வைத்திருக்கிற வீட்டுப் பையனுக்கு அது பரீட்சையே இல்லை, விளையாட்டு.

புத்தகத் தேர்வை எவ்வளவு மாற்றினாலும் க்ராம்மர்கள் ஆறு மாசத்தில் பிடித்துவிடுகிறார்கள் என்று ஆனபிறகு, புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சோதிக்கலாம் என்ற யோசனை பலப்பட்டது. 1917ல் ஸ்டான்லி லீத்ஸ் தலைமையிலான குழு பிரிட்டிஷ் சிவில் சர்வீஸின் உயர் பதவித் தேர்வில் நேர்முகத்தைப் புகுத்தச் சொன்னது. மொத்தம் 1,800 மதிப்பெண்ணில் 300. பாடத்தில் கேள்வி கிடையாது. ஆள் சுறுசுறுப்பா, புத்தி எப்படி ஓடுகிறது, உலகத்தை எப்படிப் பார்க்கிறான் என்று பேசிப் பார்ப்பது. இன்றைக்கு யூ.பி.எஸ்.சி. ‘பர்சனாலிட்டி டெஸ்ட்’ என்று சொல்கிறதே, அதன் தாத்தா இது. யோசனை பிரமாதமாகத்தான் இருந்தது. ‘உலகத்தை எப்படிப் பார்க்கிறாய்’ என்பதற்கு எவனும் நோட்ஸ் போட முடியாது இல்லையா. ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் யார், அவருக்கு எந்த மாதிரிப் பேச்சு சுறுசுறுப்பாகத் தெரியும் என்பது கேள்வித்தாளில் எழுதியிருக்காது. அது தெரிந்த வீட்டில் பிறந்தவனுக்குத் தெரியும்.

இதே சமயத்தில் அமெரிக்காவில் ஒரு பெரிய மனிதர் நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். இன்டர்வியூவையே பரீட்சையாக்கினார். தாமஸ் எடிசன்.

1921ல் எடிசனுக்கு வயது 74. நியூ ஜெர்சியில் வெஸ்ட் ஆரஞ்சில் இருந்த தன் கம்பெனிகளுக்கு வேலை கேட்டு வருகிற பட்டதாரிகள் கையில் ஒரு தாளைக் கொடுக்க ஆரம்பித்தார். கிட்டத்தட்ட 150 கேள்விகள். பிரான்சைச் சுற்றி என்னென்ன நாடுகள்? வோல்கா நதி எங்கே ஓடுகிறது? லியோனிடாஸ் யார்? மடக்கையைக் கண்டுபிடித்தது யார்? தோல் எப்படிப் பதனிடுகிறார்கள்? கார்க் எங்கிருந்து வருகிறது? மண்ணெண்ணெய்ப் பீப்பாய் எந்த மரத்தில் செய்கிறார்கள்? 20 அடிக்கு 30 அடிக்கு 10 அடி அறையில் இருக்கும் காற்றின் எடை எவ்வளவு?

பெரும்பாலானவர்கள் தோற்றார்கள். காலேஜ் படித்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று எடிசன் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லப்போக, அமெரிக்காவே இரண்டுபட்டது. தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஞாபகத்தில் இருந்த கேள்விகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். மே மாதத்திலேயே நியூயார்க் டைம்ஸில் பட்டியல் வந்துவிட்டது, பின்னாடியே விடைகளும் வந்துவிட்டன. எங்கள் ஜெராக்ஸ் தாளுக்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு என்று அதைப் படித்தபோது ஒரு சந்தோஷம் எனக்கு. எடிசன் என்ன செய்தார்? வேறு கேள்விகள் போட்டார். கேட்கிறவன் மாற்றுவதும், பதில் சொல்கிறவன் தேடிப் பிடிப்பதும், அன்றைக்கு ஆரம்பித்ததில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

அதே மே மாதம் ஐன்ஸ்டீன் பாஸ்டனுக்கு வந்திருந்தார். நிருபர்கள் விடுவார்களா, எடிசன் தாளிலிருந்து ஒன்றை எடுத்து, ஒலியின் வேகம் என்ன என்று கேட்டார்கள். அதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கிற விஷயம், மண்டையில் சுமந்துகொண்டு திரிவதில்லை என்கிற அர்த்தத்தில் பதில் சொன்னார். எடிசன் பரீட்சையில் ஐன்ஸ்டீன் ஃபெயில் என்று செய்தி ஓடியது. எடிசனின் சொந்தப் பிள்ளை தியோடர் அப்போது எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்தக் கேள்விகள் சரிப்பட்டு வரவில்லை.

எடிசனை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் தரப்பில் ஒரு நியாயம் இருந்தது. பெரிய பொறுப்பில் இருப்பவன் சட்டென்று முடிவெடுக்கவேண்டும், தகவல் கைவசம் இல்லையென்றால் தப்பு நடக்கும், தப்பு நடந்தால் பணம் போகும். பள்ளிக்கூடத்தில் சில மாதங்களுக்கு மேல் உட்காராத மனுஷன், தானே படித்துப் படித்துத் தெரிந்துகொண்டவர். அந்தக் கேள்விகளை வரிசையாகப் படித்தால் ஒன்று புரியும். மரம், தோல், கார்க், பருத்தி, உலோகம் எல்லாம் அவர் கைபட்ட பொருள்கள். மற்றதெல்லாம் அவர் ரசித்துப் படித்த புத்தகங்கள். அவர் தேடியது நல்ல வேலைக்காரனை இல்லை, இன்னொரு எடிசனை. கிரேக்கத்துக்கு 750 போட்டவர்களும் தங்களைப்போல இன்னொருத்தனைத்தான் தேடினார்கள். இவர்களுக்குள் ஒரே வித்தியாசம், எடிசன் தன் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்ததால்தான் ஊரே சிரிக்க முடிந்தது. எழுதாமல் மனசுக்குள்ளேயே வைத்துக் கேட்டவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

சரி, கேட்கிறவர்களுக்கு ஆளைப் பார்த்தவுடன் தெரியும் என்கிறார்களே, அது உண்மையா? இதை அளந்து பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் வால்டர் டில் ஸ்காட், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்து உளவியலாளர். எடிசன் கலாட்டாவுக்கு ஐந்தாறு வருஷம் முன்பு, விற்பனையாளர் வேலைக்கு வந்த 36 பேரை ஆறு மேலாளர்களை வைத்துத் தனித்தனியாக இன்டர்வியூ பண்ணவைத்து வரிசைப்படுத்தச் சொன்னார். 36ல் 28 பேர் விஷயத்தில், இவர் முதல் பாதியில் சேருவாரா கடைசிப் பாதியில் சேருவாரா என்பதிலேயே அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. ஒரே ஆள், ஒரே வேலை, ஆறு அனுபவசாலிகள், ஆளுக்கொரு தீர்ப்பு. நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்த முடிவை ரொம்ப மேலாளர்கள் நம்ப மறுக்கிறார்கள். “எனக்குத் தெரியும் சார், ஆள் நடந்து வர்றதைப் பார்த்தாலே சொல்லிடுவேன்.” எத்தனை தடவை கேட்டிருப்போம்.

நம் ஊரில் இந்த ‘பார்த்தாலே சொல்லிடுவேன்’ கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. இரண்டு வழக்குகளைச் சொல்லவேண்டும்.

முதலாவது, ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி. 1979-80 சேர்க்கை. வேலைக்கு இல்லை, சீட்டுக்கான இன்டர்வியூ, ஆனால் விஷயம் ஒன்றுதான். எழுத்துத் தேர்வு 100, நேர்முகம் 50. அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான் பேசினார்கள், அதிலும் அப்பா யார், வீடு எங்கே என்றுதான் கேட்டார்கள், படிப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை என்று மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். அஜய் ஹசியா வழக்கு என்று சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும், 1980ல் தீர்ப்பு. மூன்றில் ஒரு பங்கு என்பது தான்தோன்றித்தனம், 15 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்றது உச்ச நீதிமன்றம். நேர்முகத்தை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தால் நல்லது என்றும் சொன்னது. சேர்க்கை முடிந்து காலம் போய்விட்டதால் அதைக் கலைக்கவில்லை. சீட் கிடைக்காதவர்களில் சிறந்த 50 பேரை 1981-82ல் சேர்த்துக்கொள்ள ஏற்பாடானது.

இரண்டாவது, ஹரியானா சிவில் சர்வீஸ், 1985, அசோக் குமார் யாதவ் வழக்கு. அங்கே நேர்முகத்துக்கு 900ல் 200, அதாவது 22.2 சதவீதம். காலியிடத்தைப்போல இருபது மடங்குக்கும் மேல் ஆட்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அப்படிக் கூப்பிட்டால் என்ன ஆகும்? எழுத்தில் எவ்வளவு பின்னால் இருப்பவனையும் நேர்முக மதிப்பெண்ணால் மேலே தூக்கிவிடலாம், முன்னால் இருப்பவனைக் கீழே தள்ளிவிடலாம். உறவினர்களுக்குச் சாதகம் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் இனிமேல் பொதுப் பிரிவில் நேர்முகம் 12.2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, காலியிடத்தைப்போல இரண்டு, மிஞ்சினால் மூன்று மடங்கு பேரைக் கூப்பிட்டால் போதும் என்றது. 12.2 எங்கிருந்து வந்தது? யூ.பி.எஸ்.சி. அப்போது 2,050ல் 250 வைத்திருந்தது, அந்தக் கணக்கு. (இப்போது 2,025ல் 275.) 2016 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் கீழ்நிலைப் பதவிகளுக்கு, குரூப் சி, கெஜட் பதிவு இல்லாத குரூப் பி, இன்டர்வியூவே கிடையாது என்று எடுத்துவிட்டார்கள். சிபாரிசுக்கும் புரோக்கருக்கும் அதுதான் வாசல் என்பது காரணம்.

நம் ஊர் வழி, சந்தேகமாக இருக்கிறதா, இன்டர்வியூவைக் குறை, முடிந்தால் எடு. கம்பெனிகளால் அது முடியாது. அவர்கள் வேறு வழி பிடித்தார்கள்.

1970களிலும் 80களிலும் அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சாதாரண யோசனையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேள். வேலையிலிருந்து கேள்வியை எடு. எந்தப் பதிலுக்கு எவ்வளவு மார்க் என்று முன்னாலேயே எழுதி வை. இதில் இரண்டு வகை. ‘இப்படி ஒரு நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்’ என்பது ஒன்று. 1980ல் கேரி லாத்தமும் மற்ற மூவரும் எழுதிய கட்டுரை இதற்கு ஆரம்பம். ‘அப்படி ஒரு நிலைமை உங்களுக்கு வந்தபோது என்ன செய்தீர்கள்’ என்பது இரண்டாவது, 1982ல் டாம் ஜான்ஸ் எழுதியது. பிட்ஸ்பர்க் பக்கம் டி.டி.ஐ. என்ற ஆலோசனை நிறுவனம் இந்த இரண்டாவது வகைப் பதிலை நாலு துண்டாகப் பிரித்து ‘ஸ்டார்’ என்று பெயர் கொடுத்துப் பரப்பியது. நிலைமை என்ன, உன் பொறுப்பு என்ன, நீ செய்தது என்ன, விளைவு என்ன. இன்றைக்கு யூடியூபில் எந்தப் ‘பிளேஸ்மென்ட் டிப்ஸ்’ வீடியோவைத் திறந்தாலும் இது வந்து நிற்கும்.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2022ல் பால் சாக்கெட்டும் கூட்டாளிகளும் பழைய ஆய்வுகளையெல்லாம் கூட்டிக் கழித்து வெளியிட்ட கணக்கு ஒன்று. இன்டர்வியூவில் கிடைத்த மதிப்புக்கும் பின்னால் வேலையில் காட்டிய திறமைக்கும் எவ்வளவு ஒட்டுதல் என்று பார்த்தார்கள். ஒட்டுதலே இல்லையென்றால் 0, அச்சு அசலாக ஒட்டினால் 1. மனம்போன போக்கில் பேசுகிற இன்டர்வியூவுக்கு 0.19. கட்டமைத்துக் கேட்பதற்கு 0.42. அதுவும் பிரமாதம் இல்லைதான். ஆனால் அவர்கள் பார்த்த முறைகளிலேயே அதுதான் முதலிடம்.

2013ல் ஜேசன் டானா, ராபின் டாஸ், நதானியல் பீட்டர்சன் மூவரும் செய்த சோதனை இதைவிட வேடிக்கை. மாணவர்களை விட்டு மாணவர்களை இன்டர்வியூ பண்ணச் சொன்னார்கள். எதிரே இருப்பவர் வருகிற செமஸ்டரில் எவ்வளவு மார்க் எடுப்பார் என்று கணிக்கவேண்டும். பதில் சொல்கிறவர்களில் ஒரு பகுதியினருக்கு ரகசியமாக ஓர் ஏற்பாடு. ஆமா, இல்லை வகைக் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லாதே, கேள்வியில் உள்ள எழுத்துகளை வைத்து ஒரு விதிப்படி பதில் சொல். அதாவது சுத்தமான குருட்டாம்போக்கு. கேட்டவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஆளை நன்றாகப் புரிந்துகொண்டதாகவே சொன்னார்கள். ஆனால் பழைய மார்க்கை மட்டும் பார்த்துக் கணித்திருந்தால் அதைவிடச் சரியாக வந்திருக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் கதை கட்டிக்கொள்வதும் ஒரு திறமை.

இப்போது ஜெராக்ஸ் தாளுக்கு வருகிறேன். என் கட்சி இதுதான். தயார் செய்வதில் தப்பே இல்லை, தயார் செய்ய முடியாத கேள்விதான் சந்தேகத்துக்குரியது. முன்கூட்டியே ஊருக்கே தெரிந்த கேள்வியைக் கேட்டால் எல்லாருக்கும் ஒரே தூரம். ‘சும்மா பேசிப் பார்ப்போம்’ என்றால் அந்தப் பேச்சு யார் வீட்டில் புழங்குகிறதோ அவனுக்குத்தான் பாதை குறைவு. 2022லிருந்து தமிழ்நாடு அரசு ‘நான் முதல்வன்’ என்று காலேஜிலேயே ஆங்கிலப் பேச்சும் இன்டர்வியூப் பயிற்சியும் சேர்த்துக் கொடுக்கிறது. அதைக் கிண்டல் செய்கிறவர்கள் வால்டர் ரென்னைக் கிண்டல் செய்தவர்களின் வாரிசுகள்.

அந்தத் தாளின் குற்றம் வேறு. அதில் ஆளே இல்லை. யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய பதிலைத்தான் அது கொடுத்தது. ‘உங்கள் பலவீனம் என்ன’ என்றால் ‘ஐயாம் எ பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் சார்’. ‘ஏன் எங்கள் கம்பெனி’ என்றால் ‘இட் இஸ் எ ரெப்யூட்டட் கன்செர்ன் சார்’. கேட்கிறவர் காதில் ஒன்றும் நுழையாது. கதை கேட்கிற இன்டர்வியூ வந்தபிறகு இப்படிப்பட்ட தாள் தானாகவே செத்துப்போகும் என்று நினைத்தேன். சாகவில்லை. ‘ஒரு டீமை வழிநடத்திய அனுபவம் சொல்லுங்கள்’ என்பதற்கும் இப்போது ரெடிமேட் கதை கிடைக்கிறது, காலேஜ் சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் பிடித்த கதை. சிம்போசியமே நடக்காத காலேஜ் பையன்களும் அதையே சொல்கிறார்கள்.

ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது. “என்கிட்ட சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லண்ணா.” இதைச் சொன்ன ஒரு பையன் மூன்று வருஷம் சனி ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போனவன். முந்நூறு பேர் பந்தியில் ரசம் தீர்ந்துபோனால் என்ன பண்ணவேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அது அனுபவம் என்று மட்டும் யாரும் அவனிடம் சொன்னதில்லை. பொறியியல் காலேஜில் சேர்ந்த அன்றே அதை மறைக்கவேண்டிய விஷயமாகக் கற்றுக்கொண்டான். அதனால் தயாரிப்பு என்று என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது, பதிலை எழுதாதே, முதலில் பட்டியல் எழுது. நீ சண்டையைத் தீர்த்தது, கணக்கு உதைத்ததைக் கண்டுபிடித்தது, தப்புப் பண்ணிவிட்டுச் சரிசெய்தது, ஒருத்தருக்குச் சொல்லிக்கொடுத்தது. காலேஜ், வீடு, கடை, வயல் எங்கே நடந்ததாக இருந்தாலும் சரி. பத்து சம்பவம் கிடைத்துவிட்டால், கேட்கப்போகிற முக்கால்வாசிக் கேள்விக்கு அதில் ஏதாவது ஒன்று பொருந்தும். நாலு துண்டாகப் பிரித்து, தமிழில் வாய்விட்டு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அப்புறம் ஆங்கிலத்துக்குப் போகலாம். வார்த்தை வார்த்தையாக மனப்பாடம் வேண்டாம். நடந்ததுதானே, மறக்காது.

என் ரூம்மேட்டுக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை. தானாக நடந்தது. ஏழாவதோ எட்டாவதோ கம்பெனி. பேனலில் ஒரு அம்மா. ‘டெல் மீ’ எல்லாம் கேட்கவில்லை. கஷ்டமான கஸ்டமர் ஒருத்தரைச் சமாளித்த அனுபவம் உண்டா என்று கேட்டாராம். இந்தக் கேள்வி தாளில் இல்லை. பதறிப்போய் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறான். அம்மாவின் இட்லிக்கடைக்குப் பக்கத்தில் கட்டட வேலை. ஆள்கள் கடனில் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், பாக்கி நோட்டு நிரம்பிக்கொண்டே வரும், கேட்டால் சண்டை. லீவுக்குப் போன இவன் ஒவ்வொருத்தரிடமும் கேட்பதை விட்டுவிட்டு மேஸ்திரியைப் போய்ப் பார்த்திருக்கிறான். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது இவன் நோட்டோடு பக்கத்தில் நிற்பது, அவரவர் பாக்கியை அங்கேயே கழித்துக்கொள்வது, பதிலுக்கு மேஸ்திரிக்குக் காலை டீ இலவசம்.

அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டே கேட்டாராம், தமிழில், “அப்புறம் பழைய பாக்கி எல்லாம் வந்துச்சா?”

“பாதி வந்துச்சு மேடம். மீதி ஆளுங்க வேற சைட்டுக்குப் போயிட்டாங்க.”